நாய்க்கு வேலி வேண்டுமா?

நாய்க்குட்டியொன்று வேண்டுமெனப் பிள்ளைகள் அடம்பிடிக்கும் வீடுகளிலே பெற்றோர் சொல்லும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "வேலி ஒழுங்காயில்லை, நாயை எப்படி வைத்திருப்பது?" என்பார் தகப்பனார். கொழும்பிலே தொடர்மாடி வீட்டில் வாழ்வோர்க்கோ இக்கேள்விக்கே இடமில்லை. முற்றமே இல்லாதவிடத்து வேலியைப் பற்றிப் பேசுவானேன் என அவர்கள் ஆசையை அடக்கிவிடுகின்றனர். இதற்கு எதிர்ப்புறத்திலே, ஆறடி மதில் எழுப்பி, இரும்புக் கதவும் பூட்டி, உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய அல்சேஷன் நாயொன்றை உள்ளே விட்டுவிட்டு, இனி அதற்கு வேண்டியது யாதுமில்லை என நிம்மதி கொள்வோரும் உளர். முன்னவர் வேலியில்லாமையால் நாயைத் துறக்கின்றனர். பின்னவர் வேலியிருப்பதால் நாயை மறக்கின்றனர். நாய் வளர்ப்பதற்கு வேலியடைத்த வளவு இன்றியமையாததுதானா என்னும் வினாவை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

வரலாற்றைப் பார்த்தால் நாய் வேலிக்கு மூத்தது. ஜேர்மனியிலே பொன் நகரையடுத்த ஒபர்கசல் என்னுமிடத்தில் 1914 ஆம் ஆண்டு கல்லுடைக்கும் தொழிலாளர் பழைய புதைகுழியொன்றைக் கண்டனர். ஓர் ஆடவனின் எலும்புகளும் ஒரு பெண்ணின் எலும்புகளும் ஒரு நாயின் எலும்புகளும் அதனுட் கிடந்தன. அவை ஏறத்தாழப் பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அந்நாய் குட்டிப் பருவத்திலே கடும் நோயுற்றிருந்ததெனவும், மனிதர் அருகிருந்து பராமரித்திராவிடில் அத்தனை வாரம் உயிர்தரித்திராதெனவும் அதன் பற்களை ஆராய்ந்தோர் 2018 ஆம் ஆண்டில் எழுதினர். உழவுத் தொழில் அக்காலத்திலே தோன்றவில்லை. வயலில்லை, ஆகவே வயலுக்கு வேலியுமில்லை. ஆடும் மாடும் கோழியும் மனிதனை வந்தடைந்தவை அதற்குப் பின்னரே. அவற்றைப் பட்டியிலும் தொழுவத்திலும் கூட்டிலும் அடைத்தே நாம் நமதாக்கினோம். நாயை அவ்வாறு அடைத்துப் பழக்கியவர் எவருமிலர். அடுப்பின் சூட்டையும் எறிந்த எலும்பையும் நாடி வந்து, மனிதனுடைய காலடியைச் சுற்றியே வாழப் பழகிய பிராணி அது. இதனை மனத்திலிருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் பலவும் எளிதில் விளங்கும்.

யாழ்ப்பாணத்து வேலியின் கதை தனிக்கதை. காணியின் எல்லையைக் காட்டவும், கட்டாக்காலி மாடுகள் பயிரை மேயாது தடுக்கவும், வீட்டாரின் நடமாட்டத்தைத் தெருவின் கண்ணிலிருந்து மறைக்கவும் எழுந்தது அது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, இடையிலே கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவர். கோடையிலே வேலியடைப்பென்றால் அயலட்டையெல்லாம் கூடும். கழற்றிய பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்குப் பசளையாய்ப் போகும். எல்லைக் கதியால் ஓரடி நகர்ந்துவிட்டதென்று தந்தை தொடங்கிய வழக்கை மகன் நடத்திய குடும்பங்களைப் பற்றி நாமெல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆயினும், இத்துணைக் கருத்தோடு அடைத்த வேலியிலே நாய் நுழையுமளவு ஒரு பொட்டு இல்லாத வளவைக் காண்டல் அரிது. அடுத்த வீட்டுக்குப் போய் உப்போ புளியோ வாங்கி வரக் கண்டாயம் ஒன்றிருக்கும். அதற்கப்பால் மூலையிலே, நாயும் கோழியும் தாமாகவே ஆக்கிக்கொண்ட பொட்டு ஒன்றிருக்கும். எல்லை வழக்கிலே சிறிதும் அக்கறை காட்டாத சீவன் அவ்வூரில் நாய் ஒன்றேயாகும்.

ஆகவே நம் பாட்டன்மார் வளர்த்தது வளவு நாயென்பதினும் ஒழுங்கை நாயென்பதே பொருந்தும். பகலிலே மாமர நிழலிலும், அந்தியிலே சந்தியிலும், இரவிலே படலை வாசலிலும் அது கிடக்கும். நாலு வீட்டுச் சோறு உண்ணும். நாலு வீட்டாரையும் தன்னவராக எண்ணும். அதனைக் கயிற்றிற் கட்டி உலாத்தக் கொண்டுபோனார் எவருமில்லை. ஒழுங்கையிலே மாட்டுவண்டியும் சைக்கிளும் மாத்திரமே போயின; வீட்டுத் திண்ணையில் எந்நேரமும் ஆளிருந்தது. அம்முறை அன்று ஒருவாறு நடந்தேறியது. இன்று அதே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் விரைகின்றன. குறுக்கே ஓடிய நாயால் நாயும் மடிந்து, வண்டியோட்டியும் கைகால் முறிந்து கிடக்கும் செய்திகளுக்குக் குறைவில்லை. "அந்தக் காலத்தில் நாய்கள் எவ்வளவு சுதந்திரமாய்த் திரிந்தன" என்று பெருமூச்செறிவோர்க்கு இன்னொரு கணக்கையும் சொல்லியாகவேண்டும். 1973 ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் இலங்கையிலே 377 பேர் விசர்நாய்க்கடியால் மாண்டனர்.

அந்நோயைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றிய பின்னர் மனிதர் பிழைத்தெழுதல் ஏறக்குறைய இல்லையென்றே கொள்ளலாம். மனிதரைப் பீடிக்கும் இந்நோயிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினாலேயே வருகின்றது. 1885 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றிய கதையை மாணாக்கர் அறிவர். நம் நாட்டில் இந்நோயால் இறப்போர் தொகை அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியிருக்கின்றது. நாய்களுக்கு ஊசி ஏற்றியமையும், கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்தேற்றியமையுமே இவ்விறக்கத்துக்குப் பெருங்காரணங்கள். ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெற்றிருந்தால் நோய் அங்கே பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

தடுப்பூசி ஏற்றாத நாயை வேலிக்குள் வைத்துவிட்டு, 'எங்கள் நாய் வெளியே போவதில்லை' என்று ஆறுதல் கொள்வோர் பலர். அந்த நாய் வெளியே போகாதிருக்கலாம். நோய் உள்ளே வரும். பூனையும் கீரியும் மதிலை மதிப்பதில்லை, அவையும் இந்நோயைக் கொணர வல்லவை. ஆகவே நாய் வளர்க்க எண்ணுவோர் வேலிக்குக் கணக்குப் பார்க்குமுன் ஊசிக்கு நாள் பார்த்தல் வேண்டும். அரசாங்கம் ஊரூராக முகாம் வைத்து இலவசமாக ஏற்றுகின்றது. ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவித்துப் பதிவட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாற் போதும். மூன்று மாதம் நிறையாத குட்டியென்று விலக்கி வைக்கவும் வேண்டியதில்லை.

கடியுண்டால் செய்யவேண்டியது யாது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுக. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்பவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. கடித்தது வீட்டு நாயா தெரு நாயா, அதனைக் கட்டிவைத்துச் சில நாட் கவனிக்கலாமா என்பனவற்றை வைத்தியரே தீர்மானிக்கட்டும். நகக்கீறலையும் அற்பமென எண்ணலாகாது. இதிலே பெற்றோர் கருத்திற் கொள்ளவேண்டிய ஒன்றுண்டு. பாடசாலையால் வரும் வழியிலே நாயைச் சீண்டிக் கடிபட்ட பிள்ளை, ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சி அதனை மறைத்துவிடும். நோய் வெளிப்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அதற்குள் காயம் ஆறித் தழும்பும் மறைந்துபோயிருக்கும். நாய் கடித்ததென்று வந்து சொல்லும் பிள்ளையை எக்காரணம் கொண்டும் கண்டிப்பதில்லை என ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

இனி வேலிக்கு வருவோம். வேலி நாய்க்குச் செய்யும் நன்மை எத்தன்மையது? அமெரிக்காவிலே மெய்ன் மாகாணத்துப் பார் ஹாபர் என்னும் ஊரில், ஜாக்சன் ஆய்வுகூடத்தில் நடந்த பரிசோதனையொன்று இதற்கு நல்ல விடை தருகின்றது. ஓர் ஏக்கர் விஸ்தீரணமான நிலங்களைச் சுற்றி எட்டடி உயரப் பலகை வேலி அடைத்தார்கள். நம் கணக்கில் ஓர் ஏக்கரென்பது பதினாறு பரப்பு. யாழ்ப்பாணத்திலே அத்தகைய வளவு இன்று எத்தனை பேருக்குண்டு? அந்நிலங்களிலே குட்டிகளைத் தாய்நாயோடு விட்டு, ஊணும் நீரும் குறைவின்றி வைத்தார்கள். மனிதர் முகத்தை மாத்திரம் காட்டவில்லை. வெவ்வேறு வயதிலே சில சில குட்டிகளை ஒரு வாரத்துக்கு வெளியே எடுத்து, மனிதரோடு பழக்கிவிட்டுத் திரும்ப உள்ளே விட்டார்கள். ஒரு பகுதிக் குட்டிகளைப் பதினான்கு வாரம் நிறையும்வரை எடுக்கவேயில்லை. ஏழு வார வயதையொட்டி மனிதரோடு பழகிய குட்டிகள் நல்ல நாய்களாயின. பதினான்கு வாரமும் வேலிக்குள்ளேயே கிடந்த குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போலாயின. மனிதரைக் கண்டால் வெருண்டோடின. பின்னர் எவ்வளவோ பழக்கியும் அவ்வச்சம் முற்றாக நீங்கவில்லை. 1961 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியும், ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலும் நாய்க்குட்டியின் வாழ்வில் மூன்றாம் வாரந் தொடக்கம் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம்வரையுள்ள காலமே அதன் குணத்தை நிருணயிக்கும் காலமென நிறுவின. எட்டடி வேலியும் பதினாறு பரப்பு நிலமும் கிடைத்த குட்டிகள் அவை. கிடையாதது மனிதன் கை ஒன்றே.

நாம் நம் குட்டிகளை நடத்தும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காவலுக்கென்று வாங்கிய குட்டியைப் பிறர் தொடலாகாது, பிறர் பார்க்கலாகாது, அப்போதுதான் 'கடிகாரனாக' வளரும் என்று கூட்டிலடைத்து வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கின்றது. அவ்வாறு வளர்ந்த நாய் அச்சத்தாற் குரைக்கும், அச்சத்தாற் கடிக்கும். கள்ளனையும் கடிக்கும், கடிதம் கொணரும் தபாற்காரரையும் கடிக்கும், பந்தெடுக்க ஓடிவந்த அயல்வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். காவலென்பது வேற்றாளையும் வீட்டாளையும் பிரித்தறிவது. பலரைக் கண்டு பழகாத நாய்க்கு அப்பிரித்தறிவு எங்கிருந்து வரும்?

மேலே குறித்த அல்சேஷன் நாயின் பிறப்பு வரலாறு பலர் அறியாதது. அதன் உண்மைப் பெயர் ஜேர்மன் மேய்ப்பு நாய். முதலாம் உலகப் போரையொட்டி ஜேர்மனியின் பெயரைச் சொல்லவும் விரும்பாத ஆங்கிலேயர் அதற்கு அல்சேஷன் எனப் பெயர் மாற்றினர். அவர்கள் வழியே அப்பெயர் நம்மிடம் வந்து நிலைத்தது. அவ்வினத்தை 1899 ஆம் ஆண்டு தொடக்கம் ஒழுங்கு செய்து வளர்த்தவர் மாக்ஸ் வொன் ஸ்தெபானிட்ஸ் என்னும் படைத்தலைவர். அந்நாட்டில் வேலியில்லாத வயல்களின் ஓரத்தே ஆட்டு மந்தை மேயும்போது, ஆடு பயிரில் வாய்வைக்காதபடி எல்லைநெடுகப் போவதும் வருவதுமாய் நாள்முழுதும் நடந்து திரிவது இந்நாயின் தொழில். வேலியில்லாதவிடத்துத் தானே வேலியாய் நின்ற நாய் அது. அத்தகையதொன்றை இரண்டு பரப்பு வளவில், சீமெந்து பூசிய முற்றத்தில், தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகின்றோம். அது மதிலோரமாக ஓடியோடி ஒற்றையடிப் பாதை ஒன்றை ஆக்கிவிடுவதிலும், பூச்சாடியைக் கவிழ்ப்பதிலும், செருப்பைக் கடித்துக் கிழிப்பதிலும் வியப்பென்ன?

வளவிருந்தால் நாய் தானாகவே ஓடித்திரிந்து உடற்பயிற்சி செய்துகொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. ஒருநாள் யன்னலோரத்திருந்து பார்த்தால் உண்மை தெரியும். வீட்டார் உள்ளே போனதும் நாய் வாசற்படியிலே படுத்துக்கொள்ளும். வெளியே காலடி கேட்டாற் குரைக்கும், மீண்டும் படுத்துக்கொள்ளும். வளவிலுள்ள மணங்கள் யாவும் அதற்குப் பழையவை. நாயின் உலகம் மூக்கினாலாயது. தெருவோரத்துப் புல்லிலே காலையிற் போன நாய் எது, மாலையிற் போன நாய் எது என மோந்தறிவது நமக்குப் பத்திரிகை வாசிப்பது போல. அந்தப் பத்திரிகையை நாடோறும் அரைமணி நேரமாயினும் வாசிக்கக் கொண்டுபோதல் வேண்டும். நம் வெப்பத்திலே காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் செல்வதே நன்று. நாய் பாதத்தடியிலன்றி உடம்பில் வியர்ப்பதில்லை; இளைத்தே சூட்டைத் தணிக்கின்றது. தார் வீதியிற் புறங்கையை வைத்துப் பார்க்கையில் நமக்குச் சுட்டால், அதற்கும் சுடும்.

சங்கிலியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒரு மரத்தோடு நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் நாய் ஓடவும் முடியாது ஒளிக்கவும் முடியாது. ஆகவே அணுகுவோரையெல்லாம் பகைக்கும். ஜேர்மனியர் தம் நாய் பராமரிப்புச் சட்டத்தை 2021 ஆம் ஆண்டிலே திருத்தியபோது கட்டி வளர்க்கும் முறையைத் தடை செய்தனர். அடைப்புக்கு வெளியே போதிய உலாவும், பராமரிப்போரோடு நாளிற் பலமுறை பழக்கமும் நாய்க்குக் கிடைத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். நம் நாட்டில் 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும், 1901 ஆம் ஆண்டின் நாய்ப்பதிவுக் கட்டளைச் சட்டமும் எழுந்த காலத்தில், நாயினால் மனிதர்க்கு வரும் கேடு ஒன்றே கருதப்பட்டது. 2006 ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. அதன் பின்னர் நாய்த்தொகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பிற் பெரும்பங்கு வளர்ப்போர் கையிலேயே தங்கியிருக்கின்றது. தெருநாயென நாம் சொல்வனவற்றுட் பல, யாரோ ஒருவர் வீட்டில் உண்டு தெருவிலே திரிவனவே.

இவ்வளவும் கேட்டபின், வேலியே வேண்டாமென்று சொல்கின்றேனோ எனச் சிலர் நினைக்கலாம். அவ்வாறு சொல்லவில்லை. வீட்டில் ஆளில்லாத வேளையில் நாயை வெளியே விட்டுவைப்பதாயின் வேலி வேண்டும். நாய்க்காக மாத்திரமன்றித் தெருவிற் செல்வோருக்காகவும் அது வேண்டும். உரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் இந்நாட்டிலே, வீட்டு நாய் காரணமின்றி ஒருவரைக் கடித்தால், கடியுண்டவர் உரிமையாளரிடம் நட்டஈடு கேட்க வழியுண்டு. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 450 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியார் எழுதிவைத்த பன்னிரு பலகைச் சட்டங்களிலிருந்து வழிவழி வந்த உரிமை அது. அத்துமீறி உட்புகுந்தவனுக்கும், நாயைச் சீண்டியவனுக்கும் அவ்வுரிமை இல்லை. அதே உரோமர், கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பரில் மூழ்கிய பொம்பெயி நகரத்து வீட்டு வாசலொன்றிலே, சங்கிலியிட்ட நாயின் உருவத்தைச் சிறு கற்களாற் பதித்து 'நாய் கவனம்' என எழுதியும் வைத்தனர். நம் ஊரிலும் அப்பலகை வழக்கத்திலுண்டு. பலகை தொங்கும் வீடுகளுட் சிலவற்றில் நாயே இல்லையென்பது வேறு விஷயம்.

வேலி அடைப்பதானால் நாயின் கண்ணால் அதனைப் பார்க்கவேண்டும். நடுத்தர நாய்க்கு நாலடியும், பெரிய நாய்க்கு ஆறடியும் உயரம் வேண்டும். உயரத்தினும் அடிப்பாகமே முக்கியம், ஏனெனில் தாண்டும் நாய்களினும் தோண்டும் நாய்கள் அதிகம். கம்பி வலையை அரையடியேனும் மண்ணிற் புதைத்தோ, அடிநெடுகக் கல் அடுக்கியோ விடலாம். முட்கம்பி நாயைத் தடுப்பதில்லை, கிழிப்பது மாத்திரமே. தகரம் வெயிலிற் கொதிக்கும், அதன் விளிம்போ கத்தி. மதிலுக்கு அப்பால் நிகழ்வது தெரியாதபோது சில நாய்கள் ஒவ்வொரு ஓசைக்கும் குரைத்து அயலாரின் உறக்கத்தைக் கெடுக்கும். முழுவதும் தெரியும் கம்பி வலைக்குள்ளே வேறு சில நாய்கள் போவோர் வருவோரை எல்லைவரை துரத்திக் களைக்கும். என் மனத்துக்கு நம் பழைய உயிர்வேலியே ஏற்றதாகப் படுகின்றது. கதியால்களுக்கிடையே அடிப்பாகத்தில் இரண்டடிக் கம்பி வலை ஓட்டிவிட்டால் பொட்டும் அடைபடும்; காற்றும் மணமும் உள்ளே வரும்; நிழலும் கிடைக்கும். வளவிற் கட்டில்லாத கிணறிருந்தால் வேலிக்கு முன் அதற்குக் கட்டுக் கட்டுக.

எவ்வேலியாயினும் அதன் பலவீனம் படலையே. மீன்காரர் வரும்போதும் பிள்ளைகள் பாடசாலை வானுக்கு ஓடும்போதும் திறந்த கதவினூடே நாய் பாய்ந்துவிடும். 'இரு' என்றால் இருக்கவும், 'வா' என்றால் திரும்பவும் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட்டால் அப்பழக்கம் பத்தாயிரம் ரூபாய் கம்பிக்கு மேலானது. பழக்குவதும் கடினமன்று. படலையைத் திறக்குமுன் நாயை இருக்கச் செய்து, இருந்தால் கருவாட்டுத் துண்டொன்றைக் கொடுத்து, நாடோறும் இவ்வாறு செய்துவரச் சில வாரங்களில் அது தானாகவே இருக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இவ்வேலையைப் பெரியோரினும் நன்றாகச் செய்வர். அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

ஒரு காலத்தில் மாத்திரம் எப்பழக்கமும் எவ்வேலியும் பயன்படுவதில்லை. பெண்ணாய் ஆண்டுக்கு ஏறக்குறைய இருமுறை பருவமடையும். அந்நாட்களில் ஊரிலுள்ள கடுவன்களெல்லாம் மதிலைச் சுற்றி நிற்கும். ஒன்று எப்படியோ உள்ளே வரும், அல்லது இது வெளியே போகும். அறுபத்துமூன்று நாட் கழித்துக் குட்டிகள் பிறக்கும். ஆறேழு குட்டிகளுக்கு வீடு தேடித் திரிந்து, கிடையாதபோது பெண்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரத்திலோ கோயில் வீதியிலோ விட்டு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு அவருடைய வாகனத்தை அவர் வாசலிலேயே எறிந்துவிட்டு வருகிறோம்! மிருக வைத்தியரிடம் ஒருநாளிற் செய்யக்கூடிய கருத்தடைச் சத்திரசிகிச்சை இத்துன்பத்தை முற்றாக நீக்கும். நாயும் வளவைவிட்டு அலைவது குறையும்.

தொடர்மாடியில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியது இதுவே. முற்றமின்மை ஒரு தடையன்று, நேரமின்மையே தடை. நாளைக்கு மூன்று நாலு முறை நாயைக் கீழே கொண்டுசெல்ல வீட்டில் ஆளுண்டாயின், வெள்ளவத்தை மாடியிலும் நாய் நலமே வாழும். வெளியே கொண்டுபோகும்போது அதன் மலத்தைக் கடதாசியில் எடுத்து அப்புறப்படுத்துதல் கடமை. நாயின் குடற்புழுக்கள் பிள்ளைகளைப் பீடிப்பது அதன் வழியே. உடலாற் பெரிய நாய்க்குத்தான் பெரிய இடம் வேண்டுமென்பதும் சரியன்று. ஓட்டப் பந்தயத்துக்குப் பேர்போன கிறேஹவுண்ட் வீட்டுக்குள் நாள்முழுதும் உறங்கும். கைக்கடக்கமான சில சிறு நாய்களோ ஓயாது குரைத்து மாடி முழுவதையும் எழுப்பிவிடும். கணவனும் மனைவியும் விடியற்காலை புறப்பட்டு இருட்டியபின் திரும்பும் வீட்டுக்கு, முற்றமிருந்தாலும் இல்லாவிட்டாலும், நாய் பொருந்தாது.

இன்னொரு வகை வீடும் நம்மிடையே பெருகியிருக்கின்றது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுக் கண்ணீரோடு போனவர்களைப் பற்றி முதியோர் இன்றும் சொல்வர். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர், வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மதில்களுக்குள்ளே பூட்டிக்கிடக்கும் வீடுகளின் நிலை அத்தகையதன்று. பெற்றோர் கனடாவிலோ லண்டனிலோ பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கப் புறப்படுவர். வீட்டுக் காவலுக்கு நாய் நிற்கும். நாளைக்கு ஒருமுறை மதிலுக்கு மேலாற் சோறு போட அயலில் ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்திருப்பர். கள்ளன் வரும் இரவுகளிலும் வராத இரவுகளிலும் அந்நாய் குரைக்கும், கேட்பார் இலர். பயணச் சீட்டு வாங்கும் நாளிலேயே, உறவினரிடமோ நண்பரிடமோ நாயைக் கொண்டுபோய் விடுவதையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். இரண்டு வாரம் முன்னதாகவே நாயை அங்கு இடைக்கிடை கொண்டுசென்று பழக்குக. அது படுக்கும் சாக்கையும் சோறுண்ணும் கோப்பையையும் தடுப்பூசிப் பதிவட்டையையும் கூடவே கொடுத்து அனுப்புக. அவ்வீட்டுக்கு வேலி உண்டோ என்று விசாரிக்குமுன், பகலில் அங்கே யார் இருப்பார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.